தொடாமல் கூடவே நடந்தேன்

அன்பு மகள் ஜிபெக்குக்கு சோல்போன் ஆத்தா ஊரிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் பசுவும் புதுக் கன்றும் நன்றாக இருக்கிறோம், அம்மாவுக்கு மட்டும் அந்த 'நன்றாக'வில் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். அம்மா கையில் என்ன கட்டு என்று போனில் பார்த்து நீ கேட்டபோது வாசலில் வழுக்கிவிட்டது என்றாள் அல்லவா, அது பொய். பக்கத்தில் அவளை வைத்துக்கொண்டு என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. நம் தெருப் பெண் தாலாய் நீ இருக்கும் சியோலுக்கு விமானம் ஏறுகிறாள், அவளிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். ஆப்ரிகாட் இந்த வருஷம் மரம் ஒடியக் காய்த்தது, உலர்த்தியது ஒரு பை அதோடு வருகிறது. சித்தப்பா எசென்பாய் வீட்டில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, பெண் கராகோல் ஊர்க்காரி, நன்றாகச் சிரிக்கிறாள்.

இனி அம்மா விஷயம். பனியில் விழுந்து முதுகெலும்பில் வட்டு நகர்ந்து அவள் குளிர்காலம் முழுக்கப் படுத்துக் கிடந்தது உனக்குத் தெரியும், வேலையை விட்டு வருகிறேன் என்று நீ சொன்னபோது வந்தால் கதவைத் திறக்க மாட்டேன் என்று படுத்தபடியே கத்தினாள். வாளி தூக்காதே, வேண்டுமானால் தண்ணீரில் நீந்து என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நம் உப்பு ஏரியில் இறங்கியவள்தான், பிறகு நீ விட்டுப்போன சைக்கிளைத் துடைத்து எடுத்தாள், பிறகு ஓடவும் ஆரம்பித்தாள். வசந்தத்தில் ஒருநாள் ரொட்டி சுட்டுக்கொண்டே டிரையத்லான் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன் என்றாள், ஏதோ உப்பு வாங்கி வந்தேன் என்பது போல. ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், உடனே நாற்பது சைக்கிள், அதோடு பத்து ஓட்டம். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர், "டீச்சர், பேரனுக்குத் தொட்டில் கட்டுற வயசுல இது என்ன" என்று கேலி செய்தாராம். தொட்டிலையும் கட்டுவேன் என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

பந்தயத்தன்று காலை மேற்கிலிருந்து உலான் காற்று அடித்து ஏரி வெள்ளை வெள்ளையாய்ப் பொங்கியது. அவள் தலையில் ஆரஞ்சுத் தொப்பி, அதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு கரையில் நின்றேன். பாதித் தூரம் போனதும் அது ஒரே இடத்தில் நின்றுவிட்டது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதாம். பந்தய விதிப்படி காவல் படகைப் பிடித்து இளைப்பாறலாம், படகு இழுத்துப்போகத்தான் கூடாது. படகுக்காரன் ஏறிக்கிறீங்களாக்கா என்று கேட்டதற்கு, பிடித்துக்கொள்ள மட்டும் விடு என்று சொல்லி, ஒரு கையால் படகையும் மறு கையால் காலையும் பிடித்து, அலை முகத்தில் அறைய அறைய, கட்டை விரலை இழுத்து இழுத்து பிடிப்பை இறங்க வைத்தாளாம். பிறகு படகை விட்டுவிட்டு மறுபடி நீந்தினாள். கரையேறியபோது உதடு நீலம் பாரித்திருந்தது, என்னைப் பார்க்கவே இல்லை, சைக்கிளைத்தான் பார்த்தாள்.

நான் நம் மினிபஸ்ஸைக் கிராமத்துத் திருப்பத்தில் கொண்டுபோய் நிறுத்திக் காத்திருந்தேன். அவள் வரும் நேரம் பார்த்து ஒரு குதிரைக்குட்டி வேலியைத் தாண்டிச் சாலைக்குள் பாய்ந்தது. அதன்மேல் மோதாமல் திருப்பியவள் சரளையில் மல்லாந்து விழுந்தாள். முதுகு போயிற்று என்றே நினைத்தேன் மகளே, ஓடினேன், எப்படி ஓடினேனோ. குனிந்தபோது, "தொடாதீங்க" என்றாள். வானத்தைப் பார்த்தபடி கிடந்தாள். முதலில் ஒரு காலின் விரல்களை அசைத்தாள், பிறகு மற்றக் காலின் விரல்களை, பிறகு முழங்கால்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள்.

"முதுகு இருக்கு. விரல்தான் போச்சு" என்றாள், சிரிக்கிறாள்.

இடது கையின் கடைசி இரண்டு விரலும் ஒரு பக்கமாகக் கோணிக் கிடந்தன, இடுப்போரம் தோல் உரிந்து ரத்தம். ஜீப்பில் வந்த பந்தய டாக்டர் முதுகை அமுக்கிப் பார்த்து, தலையில் அடி இல்லையே என்று கேள்வி மேல் கேள்வி கேட்டு, விரல்களைச் சேர்த்துக் கட்டி, நிறுத்திக்கொள்வதுதான் நல்லது, ஆனால் முடிவு உங்களுடையது என்றார். சங்கிலி கழன்றிருந்தது. நான் கை நீட்டினேன், நடுவர், "அண்ணே, நீங்க தொட்டா அவங்களை வெளியே எடுத்துடுவேன்" என்றார். நாள் முழுக்க வண்டி ரிப்பேர் பார்க்கிற நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அவள் ஒற்றைக் கையால் சங்கிலியை மாட்டினாள். கியர் மாறவில்லை, ஒரே கியரில் எஞ்சிய தூரம் முழுவதும் மிதித்தாள், ஏற்றத்தில் நின்றுகொண்டே மிதித்தாள்.

ஓட்டத்தில் குடித்த தண்ணீர் எல்லாம் வாந்தியாக வந்துவிட்டது. தண்ணீர் மேசையில் நின்ற பெண் உப்புப் போட்ட மக்சிம் கொடுத்தாள், அந்தப் புளித்த கூழ் மட்டும்தான் வயிற்றில் தங்கியது. முழங்கால் வேறு ரொட்டி மாவு போல உப்பிவிட்டது. மூன்று பாப்ளார் மரம் ஓடுவது, ஒரு மரம் நடப்பது என்று கணக்கு வைத்துக்கொண்டாள். கடைசிச் சுற்றில் வாய்க்காலின் மறுபக்கம் நானும் கூடவே நடந்தேன். தொடக்கூடாது, எதுவும் கொடுக்கக்கூடாது, நடக்கலாம். பார்க்கச் சகிக்காமல், போதும், பஸ் இருக்கிறது, ஏறிவிடு என்று கெஞ்சினேன். அவள் நிற்காமலே சொன்னாள்: "வலி எங்கெங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். முதுகுல இல்ல. மத்ததெல்லாம் வலிச்சுட்டுப் போகட்டும்." கொஞ்ச தூரம் போனதும், "உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது, நீங்க பஸ்ல ஏறிக்குங்க" என்றாள். எத்தனையோ வருஷம் ஒரே பானையில் சாப்பிட்டிருக்கிறேன், இவளுக்குள் இப்படி ஒருத்தி இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அந்த ஒற்றையடிப் பாதையில் மலைத்துப்போய் நடந்தேன்.

நேரம் முடிந்து எல்லைக் கோட்டை மூடுவதற்குள் வந்து சேர்ந்துவிட்டாள், கடைசி ஆளாகத்தான். பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்கள், பசிக்கிறது என்றாள், ஒரு தட்டு லக்மான் நூடுல்ஸை வலது கையாலேயே வழித்துச் சாப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்ததில் ஒரு விரல் முறிவு, ஒன்று மூட்டு விலகல், முதுகுக்கு ஒன்றுமில்லை. ஆகவே நீ பதறிக்கொண்டு டிக்கெட் எடுக்காதே, இந்தத் தடவையும் கதவு திறக்காது.

மறுநாள் காலை தலை பின்ன முடியவில்லை என்று சீப்போடு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். எனக்குத் தெரிந்த பின்னல் பந்தயக் குதிரையின் வாலுக்குப் போடுவதுதான். அதையே போட்டேன். இறுக்காதீங்க, நான் என்ன குதிரையா என்றாள். ஆமாம் என்பது வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். அவள் தலைமுடியில் அப்போதும் ஏரியின் உப்பு இருந்தது. முந்தைய நாள் முழுக்கத் தொடக்கூடாது என்றிருந்த அவளை இப்போது தொட்டுத் தொட்டுப் பின்னினேன், கட்டி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

மகளே, இரவு வேலை முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே. ஆப்ரிகாட் பையில் வைத்திருக்கும் கம்பளிக் காலுறையை மறக்காமல் போட்டுக்கொள். நீ போகும் வழியெல்லாம் வெளிச்சமாக இருக்கட்டும், உன் கைபட்ட காரியம் எல்லாம் துலங்கட்டும்.

என்றும் உன் நினைவோடு,
அப்பா ஒரொஸ்பெக்