ஃப்ரிட்ஜ் போனதுக்கு கத்தினது

செங்கொடி,

நீ தூங்கினு கீற, எழுப்ப மனசு வரல. அத்திப்பட்டுக்கு வேலைக்குக் கெளம்பிட்டேன். மீன் கொழம்ப சுட வெச்சுட்டேன். ஃப்ரிட்ஜ் இல்லாம கெட்டுப்பூடும், மத்தியானமே துன்னுடு.

நேத்து நீ ஃப்ரீசர்ல கத்தியால ஐஸ் நோண்டி ஃப்ரிட்ஜ் கேஸ் போனதுக்கு, வூட்டு ஓனரு கெங்கம்மா எதிர்லயே "அறிவு கீதா உனுக்கு?"ன்னு கத்திட்டேன். நீ ராத்திரி துன்னாமயே படுத்துட்ட. அப்டி கத்தியிருக்கக் கூடாது.

மெக்கானிக் சாயந்திரம் வருவாரு. அவங்க ஃப்ரிட்ஜுதான, ரிப்பேர் காச நான் குடுத்துடறேன்னு கெங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். உன் சீட்டுப் பணத்தத் தொடாத.

பகலவன்

இன்னொண்ணு. என் வீங்கின காலுக்கு ஒத்தடம் குடுக்கத்தான் நீ அந்த ஐஸ ஒடச்சியாம், நம்ம பாப்பா இப்போதான் சொன்னா. நேத்தே ஏன் புள்ள சொல்லல? சொல்லியிருந்தாலும், நான் இருந்த கோவத்துக்கு கேட்டிருப்பேனான்னு தெரியல.