அக்கா மூடிவைத்த பாகு

என் ஸ்டெல்லா அக்கா,

நீங்கள் மூடி வைத்துவிட்டுப் போன பாட்டிலை இன்னும் யாரும் திறக்கவில்லை. நான் விடவில்லை.

திருச்சியில் உங்கள் முப்பதாம் நாள் பூசைக்கு நம் கைடு சார் வந்திருந்தார். "ரொம்ப அமைதியான பொண்ணு" என்று உங்கள் அம்மாவிடம் சொன்னார். நீங்களா? "மூடியத் திறந்து வச்சிட்டுக் கதை பேசாதடி, பேயே!" என்று ஆய்வகம் அதிரக் கத்தியவர் யார்?

கத்தியதில் நியாயம் இருந்தது. கோலின் குளோரைடு என்கிற உப்பையும் கிளிசரினையும் சூடாக்கிக் கலந்தால் தேன் மாதிரி ஒரு பாகு வரும். டீப் யூடெக்டிக் கரைப்பான் என்று அதற்குப் பெரிய பெயர். ஆல்கஹால் ஊற்றினால் இளகும். எவ்வளவு ஊற்றினால் எவ்வளவு இளகும் என்று அளப்பதே உங்கள் வேலை. ஆனால் அந்தப் பாகு காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும், அதிலும் இளகும். அப்புறம் இளக்கியது ஆல்கஹாலா, தண்ணீரா என்று எப்படிச் சொல்வது?

ஒரு சொட்டு ஈரம் போகாமல் பாட்டிலைக் காத்தீர்கள். துவாக்குடி விடுதியில் உங்கள் வயிற்றுக்குள் போன தண்ணீரை யார் அளந்தார்கள்? மஞ்சள் காமாலை வந்து படுத்தவர்களில் நீங்கள் மட்டும் திரும்பி வரவில்லை. விடுதி ஓனரிடம் சண்டைக்குப் போனேன். "எல்லாரும் இதத்தாம்மா குடிக்கிறாங்க. உங்க அக்கா வெளியில எங்க சாப்பிட்டுச்சோ" என்றார். இப்போது தொட்டியைக் கழுவிவிட்டார்கள், அக்கா. நீங்கள் செத்த பிறகு.

போன ஞாயிறு ஸ்ரீரங்கத்தில் சார் வீட்டுக்குப் போனேன். பாகைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையைக் காட்டினார். என் பெயர் முதலில், அவர் பெயர் அடுத்து. உங்கள் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில்.

"அளந்தது பூரா அக்காதானே சார்?"

"இல்லாதவாளுக்கு எதுக்கும்மா பேரு? உனக்காவது வேலைக்கு உதவும். முதல்ல உட்காரு. தீர்த்தம் சாப்பிடறியா?"

வெள்ளி டம்ளரில் வடிகட்டிய தண்ணீர் வந்தது. அவர் வீட்டில் தண்ணீருக்கு அப்படிப் பெயர். உங்களைக் கொன்றதற்கு என்ன பெயர் வைப்பார்?

டம்ளரைத் தொடவில்லை. "அக்கா பேரு முதல்ல வரலைன்னா என் பேரும் வேண்டாம் சார்."

"உன் தீசிஸ்ல கையெழுத்துப் போடப்போறது யாருன்னு ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருக்கிறது. பயமும் இருக்கிறது. ஆனால் அவருக்கு ஒரு சிக்கல். ஆல்கஹால் மிகக் குறைவாகச் சேர்க்கும் கலவைகளை அளப்பது பாக்கி. அதற்கு நீங்கள் காய்ச்சிய அதே பாகு வேண்டும். புதிதாகக் காய்ச்சினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்க வேண்டும். அவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. பாட்டில் இருக்கும் அலமாரியின் சாவி என் துப்பட்டா முனையில் இருக்கிறது.

உங்கள் பெயர் முதலில் ஏறாமல் அந்த மூடி திறக்காது. ஏறிய பிறகு நானே திறந்து அளப்பேன். அப்போது பக்கத்தில் நின்று கதை பேசுவது சாராகவே இருந்தாலும், உங்களைப் போலக் கத்துவேன். சத்தியம்.

நீங்கள் பேயே என்று கூப்பிட்ட தங்கச்சி,
மலர்