கொடி ஏறிய கப்பல்

ஜூன், 1926. வெள்ளி இரவு.

நாளை மாதா கோவிலின் பின்சுவருக்குக் காரை பூசப் போகிறார்கள். கப்பல் வேலைக்குப் போகும் நம் ஆட்கள் புறப்படும் முன் அந்தச் செங்கலில் ஒரு கப்பலைக் கீறிவிட்டுப் போவார்கள். திரும்பி வந்ததும் அதன் பாய்மரத்தில் ஒரு கொடி கீறுவார்கள். சீமையிலும் பழைய தேவாலயச் சுவர்களில் இப்படிக் கப்பல்கள் உண்டு என்று படித்திருக்கிறேன். கீறியவர்கள் வீடு திரும்பினார்களா என்று அந்தப் புத்தகம் சொல்லவில்லை.

அண்ணனின் கப்பலுக்கு மூன்று வருஷமாகக் கொடி இல்லை. அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

மாலையில் அதைக் கடைசியாகப் பார்க்கப் போனேன். சாரம் கட்டிக்கொண்டிருந்த கொத்தனார், “நல்லாப் பாத்துக்கம்மா. நம்ம போட்டாதாங் கப்பல்துறையிலகூட இத்தனை கப்பல் நிக்காது,” என்று சிரித்தார்.

அண்ணனின் கப்பலில் கொடி இருந்தது. புதுக் கீறல். தொட்டதும் சிவப்புப் பொடி உதிர்ந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது; நனைந்தபடி வீட்டுக்கு ஓடிவந்தேன். வாசலில் அவன் செருப்பு கிடக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன்.

இல்லை. அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் கொண்டை ஊசியின் நுனி செங்கல் நிறத்தில் இருந்தது.

“அண்ணன் வரலையே. ஏம்மா கொடி போட்டே?”

“பின்னே, நடுக்கடல்ல வச்சு அவனைப் பூசிடச் சொல்றியா?” என்றாள். “போய்த் தலையைத் துவட்டு.”

இத்தனை நாளும் இராச் சாப்பாட்டுக்கு அவனுக்கும் ஒரு தட்டு வைப்பாள். இன்று வைக்கவில்லை. அப்பா கவனிக்காததுபோல் சாப்பிட்டார். நான் அந்த இடத்தில் என் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தேன்.