ப்ளீஸ் சேர்த்த வாக்கியம்

ஷார்ஜா
2.3.2024

அன்புள்ள மணிக்கு,

நலம். நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? என்னை சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். சந்தோஷம்தான், பயமும் இருக்கிறது. பல நாட்டு ஆட்களுக்கு இங்கிலீஷில் வேலை சொல்ல வேண்டும். போனில் நீ சொல்வது மனசில் நிற்பதில்லை. பள்ளிக்கூடத்தில் நீ நடத்துவதுபோல் எழுதி அனுப்பு.

இன்னொரு சங்கடம். கட்டடச் சாரத்தில் ஏறுகிறவர்களில் பீமாராவ் என்று ஒரு தெலங்கானாக்காரர், நம் நைனா வயசு. அவரை எப்படி அதட்டுவது?

உன் நெடுமாறன்

செஞ்சி
18.3.2024

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே சுகம். மல்லாட்டை பிடுங்கிக் கடலை ஆய்ந்தாச்சு. நீங்கள் இல்லாததால் நைனாவே மூட்டை ஏற்றினார், இப்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கட்டளை வாக்கியம் சுலபம். வினைச்சொல்லில் ஆரம்பியுங்கள். 'யூ' வேண்டாம், எதிரே நிற்பவருக்கே புரியும். ஸ்டாப். கம் டவுன். செய்யாதே என்பதற்கு முன்னால் 'டோன்ட்'. பெரியவர்களிடம் 'ப்ளீஸ்' சேர்த்தால் கட்டளை வேண்டுகோளாகிவிடும், மனம் நோகாது.

உங்கள் மணிமொழி

ஷார்ஜா
21.4.2024

மணி,

ரூமில் எல்லோரும் இருக்கிறார்கள், போனில் சொல்ல முடியவில்லை. பீமாராவ் செத்துப்போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை பலத்த காற்று. அவர் நின்ற பலகை ஒரு பக்கம் தூக்குவதைக் கீழேயிருந்து பார்த்தேன். "ப்ளீஸ் கம் டவுன்" என்றேன். சிரித்துக்கொண்டே, "ஃபைவ் மினிட்ஸ்" என்று கையைக் காட்டினார். வயசானவர், தெரிந்துதான் செய்கிறார் என்று நின்றுவிட்டேன். அடுத்த காற்றில் பலகையோடு கீழே விழுந்துவிட்டார். மற்ற சூப்பர்வைசர்கள் கத்தினால் உடனே இறங்குகிறவர்தான்.

விசாரணையில் நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். என் மேல் தப்பில்லையாம்.

நெடுமாறன்

செஞ்சி
12.5.2024

அன்புள்ள மாமா,

எத்தனை தரம் கூப்பிட்டும் நீங்கள் எடுப்பதில்லை. பாப்பா கேட்டால் நைட் டியூட்டி என்கிறேன். ப்ளீஸ் போடச் சொன்னது நான். அந்தப் பலகையைக் கட்டியது நீங்களும் இல்லை, நானும் இல்லை. ஆனாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நைனாவிடம் சொன்னேன். "அவன வந்துரச் சொல்லும்மா, இருக்கறத சாப்ட்டுக்கலாம்" என்றார். நானும் அதைத்தான் கேட்கிறேன்.

உங்கள் மணிமொழி

ஷார்ஜா
9.6.2024

அன்புள்ள மணிக்கு,

சூப்பர்வைசர் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மறுபடி சிமென்ட் மூட்டை தூக்குகிறேன். யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு வர இப்போது மனசில்லை.

உன் மேல் கோபமில்லை. நல்லதற்குத்தான் சொன்னாய். ஆனால் உன் குரலைக் கேட்டதும் அவர் சிரித்துக்கொண்டு கையைக் காட்டுவது கண்முன் வந்துவிடுகிறது. அதனால்தான் போனை எடுப்பதில்லை. பாப்பாவிடம், அப்பா நன்றாக இருக்கிறார் என்று சொல். கொஞ்ச நாளைக்கு என்னைக் கூப்பிடாதே.

நெடுமாறன்