தலைகீழ் முத்திரைத் துப்பாக்கி

24-9-1961
இன்று என் வீட்டில் இருந்தவர்கள்: நான், மருமகள் செண்பகம், கொழுந்தன் பெரியதம்பி, அவன் பெண்டாட்டி அஞ்சம்மாள், திண்டிவனத்துச் சீனுவாசன். இந்தச் சீனுவாசன் பழைய துப்பாக்கிகளைத் தேடிச் சேர்க்கிறவர்.

அவர் பார்க்க வந்தது, மல்லாட்டைக் காட்டில் கடலையைத் தோண்டித் தின்ன வரும் பன்றியை விரட்ட என் வீட்டுக்காரர் வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கி. கம்பெனி முத்திரை அதில் தலைகீழாக விழுந்திருக்கும். ஏமாந்து வாங்கிவிட்டார் என்று பெரியதம்பி என் வீட்டுக்காரரை அவர் சாகும்வரை ‘தலைகீழ்த் துரை’ என்றே கூப்பிட்டான். கல்யாணம், கருமாதி எதையும் விடவில்லை. அவர் தலையைக் குனிந்துகொள்வார். நான் குனிந்தவள் இல்லை.

சீனுவாசன் சொன்னார்: “எல்லாத் தப்புக்கும் மதிப்பு கெடையாதும்மா. குழல் கோணலா இருந்தா வெறும் இரும்புதான். இது நல்லா சுடுது, முத்திரை மட்டும் பிசகு. கம்பெனிக்காரன் கண்ணுல படாம வெளிய வந்துடுச்சு. இந்த மாதிரி இன்னொண்ணு நான் பாத்ததில்ல. அந்த எடத்துல யாரும் கை வைக்காதீங்க.”

பெரியதம்பி துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனான்.

விலை பேச வந்தவரை நிறுத்தினேன். “ஆயுத பூஜைக்கு மறுநாள் வாங்க. பங்காளிங்க எல்லாம் இருப்பாங்க. இதை அவங்க முன்னாடி சொல்லுங்க. அப்புறம் எடுத்துக்கினு போங்க.”

16-10-1961
பூஜைக்கு முன் கலப்பைக் கொழு, அரிவாள், துப்பாக்கி எல்லாம் கொல்லன் பட்டறைக்குப் போகும். கொண்டுபோவது இளைய பங்காளியின் உரிமை. பெரியதம்பி வந்து நின்றான். முறையை மறுக்க முடியுமா? கொடுத்தேன்.

18-10-1961
பூஜையில் துப்பாக்கிக்குச் சந்தனம் வைக்கக் குனிந்தேன். முத்திரை இல்லை! அராவி வழவழவென்று ஆக்கி, அதன் மேல் புதிதாக, நேராக, எழுத்து வெட்டியிருக்கிறது.

“தப்பை நேர் பண்ணேன் அண்ணி. இனிமே அண்ணனைப் பாத்து ஒருத்தனும் சிரிக்க மாட்டான்.”

“சிரிச்சவன் நீ ஒருத்தன்தானேடா!”

கை வைக்காதே என்று சீனுவாசன் சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் தானே இவன்?

19-10-1961
சீனுவாசன் பார்த்தார், கீழே வைத்தார். “இப்ப இது பத்தோட பதினொண்ணும்மா. எனக்கு வேணாம்.”

வேண்டாம் என்றால் போகட்டும். வாசற்படியில் மறித்தேன். “அன்னிக்குச் சொன்னதைச் சொல்லிட்டுப் போங்க.”

பங்காளிகள் அத்தனை பேர் முன்பும் சொன்னார்: “இந்த வீட்டுக்காரர் ஏமாந்து வாங்கல. யார்கிட்டயும் இல்லாத பொருளை வச்சிருந்தாரு. அராவுனவர்தான் அதைக் கெடுத்துட்டாரு.”

முதலில் அஞ்சம்மாள்தான் தன் புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். “இம்மாம் நாளா யாரைத் தலைகீழ்த் துரைன்னு கூப்பிட்டுக்கினு இருந்தே நீ?” பிறகு கூடமே சிரித்தது. அவன் தலை குனிந்ததை நின்று பார்த்தேன். போதவில்லை.

11-2-1962
இரண்டு பன்றி விழுந்தன. துப்பாக்கி பழையபடியே சுடுகிறது, விற்கப்போவதில்லை.

பெரியதம்பி வந்திருந்தான். “வயசாயிடுச்சு அண்ணி, மனசுல வச்சிக்காதீங்க.” எனக்கு மட்டும் ஆகவில்லையா? மோர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனான்.

கொல்லன் சொன்ன வேலையைச் செய்தான். அவன்மேல் கோபம் இல்லை. வாங்காமல் போன சீனுவாசன் மேலும் இல்லை. நான் மன்னிக்காத ஆள் ஒருவன்தான்: பெரியதம்பி.