என் பாடு நாளில் ஏறாத கார்

1983 மாசி, வெள்ளி

என் பாடு நாளில் என் மகளின் காரைத் தோணியில் ஏற்ற விடாமல் தடுத்தது அநியாயம். ஏரியில் இன்று இறாலுக்கு வலை போடும் முறை, அதாவது பாடு, எனக்கு. வலையே போடாமல், இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டிப் பலகை பரப்பி, மோட்டாரும் பூட்டியிருந்தேன்.

மருமகன் மஸ்கட்டிலிருந்து கப்பலில் அனுப்பிய கார் அது. கால் வராத கஸ்தூரி கையாலேயே ஓட்டும்படி மாற்றியது. அக்கரையில், ஆந்திராத் தீவில், அவளுக்கு டீச்சர் வேலை. அங்கே அவள் தங்கும் வீடு ஒரு கோடி, பள்ளிக்கூடம் மறுகோடி. கார் போகாவிட்டால் அவளும் போக முடியாது.

"பாடு எறாவுக்குத்தான் மாமா, காருக்கு இல்ல. மோட்டார் சத்தத்துல எறா ஓடிப்பூடும்" என்றான் ஊர்த்தலைவன் துரை.

"என் பாட்டு எறாதானேடா ஓடுது? உனக்கு இன்னா நோவுது?"

எல்லாரும் சிரித்தார்கள். துரை தோணிகளைச் சேர்த்துக் கட்டிய கயிற்றை அவிழ்த்துவிட்டான்.

"வுடு நைனா, நான் போவல" என்றாள் கஸ்தூரி. அதுதான் தூங்க விடவில்லை.

அடுத்த பாடு வரட்டும். மோட்டாரை நான் கழற்றி வைப்பேன். நானும் தம்பியும் கழி ஊன்றித் தள்ளுவோம். கஸ்தூரி காருக்குள்ளேயே உட்கார்ந்து வர வேண்டும். தோணிகளைச் சேர்த்துக் கட்ட வேண்டியவன் துரை. அவிழ்த்தவன் அவன்தான்.