சுவரோரத்து நடுமொக்கு

ஏற்காடு,
அக்டோபர் 9, மாலை.

என் அன்புக்கும் என் ஓயாத கண்டிப்புக்கும் ஒருசேர உரியவனாயிருந்த மாப்பிள்ளை தங்கவேலு,

நீ போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. நான் இப்படி எழுதினால் உன் அக்காள் ஒப்புக்கொள்ள மாட்டாள். அவள் கணக்கில் அது பதினொரு நாள் முன்னதாகவே நிறைந்துவிட்டது. எங்கள் இருவருக்கும் இடையிலான அந்தப் பதினொரு நாளைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டியிருக்கிறது.

காலையிலிருந்து மழை. கிளியூர்ப் பக்கம் எதுவும் தெரியவில்லை. பின்கட்டில் நீ இருந்த அறையை இன்னும் யாருக்கும் விடவில்லை. ஜீப் ஓட்டும்போது நீ போட்டுக்கொள்ளும் காக்கிச் சட்டை ஆணியிலேயே தொங்குகிறது. முன்பொரு நாள் பூஞ்சை பிடிக்கிறதே என்று எடுக்கப் போனேன். உன் அக்காள் பார்த்த பார்வையில் திரும்பி வந்துவிட்டேன்.

உன் ரோஜாச் செடி இருக்கிறது.

அதை நீ கொண்டுவந்த நாளன்று நான் முணுமுணுத்தது நினைவிருக்கிறதா? நாலு முழக் கொல்லை, அதில் பாதி துணி காயப்போடும் இடம், மீதிப் பாதியில் ஆண்டில் ஆறு மாதம் ஈரம். இங்கே ரோஜா எதற்கு என்றேன். நீ சிரித்தாய். "நொம்ப அடக்கமான செடிங்க மாமா. இடுப்புக்கு மேல போகாது. உங்க கோவமாட்டம் கூரைக்கு மேல ஏறாதுங்க" என்றாய். உன் அக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

தண்ணீர் தேங்கக் கூடாதென்று கற்களை அடுக்கி மேடு கட்டினாய். மண்மேல் காப்பித் தோலைப் பரப்பினாய். காற்று நுழைந்து போகட்டும் என்று நடுக்கிளைகளை வெட்டிச் செடியைக் கிண்ணம்போல் திறந்துவைத்தாய். புள்ளி விழுந்த இலைகளை அன்றன்றே பொறுக்கி அடுப்பில் போட்டாய். அந்த ஆண்டே பூத்தது. காய்ந்த மிளகாயின் சிவப்பைக் காட்டிலும் ஒரு படி கறுத்த சிவப்பு. ஒரு தண்டின் முனையில் ஐந்தாறு பூக்கள் கொத்தாக. ஒவ்வொரு முறையும் முதலில் மலர்ந்த பூ உன் அக்காளின் சமையலறை ஜன்னலுக்குப் போகும். எனக்கு ஒன்றும் வராது. "உங்களுக்குப் பூ எதுக்குங்க மாமா, காலண்டர் இருக்குதுல்ல?" என்பாய்.

அந்தக் காலண்டர்தான் இவ்வாண்டு என்னைக் காட்டிக்கொடுத்தது.

உன் நினைவு நாளில் உன் படத்துக்கு உன் செடியின் பூவையே வைக்க வேண்டும் என்றாள் உன் அக்காள். இந்த ஓராண்டில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். நீ போன பிறகு அவள் பேச்சு உப்பு, புளி, மருந்து என்று சுருங்கிப்போயிருந்தது உனக்குத் தெரியாது. எனவே இதில் பிசகக் கூடாது என்று நினைத்தேன். வெட்டிய நாளிலிருந்து ஒன்றரை மாதத்துக்குச் சற்று மேல் ஆனால் பூக்கும் என்று நீ சொன்னதை வைத்துக்கொண்டு, அக்டோபர் 9-இலிருந்து பின்னோக்கி எண்ணினேன். ஆகஸ்டு 18 காலை, மழை விட்டிருந்த நேரத்தில், கிளைகளை வெட்டினேன். கொத்துகள் தலைகாட்டியதும், நீ செய்வதுபோலவே ஒவ்வொரு கொத்திலும் பெரிதாக முந்திக்கொண்டு நிற்கும் நடுமொக்கைக் கிள்ளத் தொடங்கினேன். அது போனால்தான் சுற்றியிருப்பவை ஒன்றாய் மலரும் என்பது உன் பாடம்.

கடைசிக் கொத்து சுவரோரம் இருந்தது. அதற்குக் கை நீட்டியபோது உன் அக்காள் வந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏனுங்க, இருக்கறதுல பெரிய மொக்காப் பாத்துக் கிள்ளறீங்களே?"

"அப்போதுதான் எல்லாம் சேர்ந்தாற்போல் மலரும். அக்டோபர் ஒன்பதுக்குச் செடியே சிவந்துவிடும், பார்."

"ஒன்பதுக்கா? அவனுக்குத் தேய்பிறை சப்தமியிலங்க சாமி கும்பிடறது. செப்டம்பர் இருபத்தெட்டே வந்துருதுங்க. பஞ்சாங்கம் பாக்கலீங்களா?"

"அவன் போனது ஒன்பதாம் தேதிதானே?"

"நெலா உங்க காலண்டரப் பாத்துட்டா தேயுது?"

என் கையில் கிள்ளிய மொக்குகள் இருந்தன. பதினொரு நாள் முன்னதாக மலரக்கூடியவை அவை மட்டுமே. அவளும் என் கையைப் பார்த்தாள். மிஞ்சியது சுவரோரத்து ஒன்று.

அன்றிலிருந்து அந்த ஒரு மொக்குக்குக் காவல் நின்றேன். பச்சை இதழ் பிரிந்து, நுனியில் சிவப்புத் தெரிந்தது. செப்டம்பர் 24-இல் மழை பிடித்தது, விடவில்லை. உன் கறுப்புக் குடையை ஒரு கம்பில் கட்டிச் செடிக்குமேல் நட்டேன். காற்று அதைச் சாய்த்தது. நானே பிடித்துக்கொண்டு நின்றேன். எஸ்டேட்டிலிருந்து மழைக்குக் கொங்காடைச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பிய பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு வேலியோரம் நின்றுவிட்டாள்.

"ஏனுங்கய்யா, ரோசாவுக்குக் கொடையப் புடிச்சுட்டு நீங்க நனையறீங்களே! தங்கவேலண்ணன் பாத்திருந்தா இந்நேரம் ஊரக் கூட்டியிருக்கும்" என்றாள். பிறகு ஏனோ சட்டென்று முகம் மாறி, வேகமாய்ப் போய்விட்டாள்.

இருபத்தேழாம் தேதி மாலை பார்க்கையில் மொக்கின் வெளியிதழ்கள் பழுப்பேறி, நனைந்த காகிதம்போல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. மழைக்காலத்தில் எத்தனையோ மொக்குகள் இப்படி மூடியவாறே அழுகியதை நீயும் நானும் பார்த்திருக்கிறோம். உள்ளே போய், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நல்ல ரோஜா கிடைக்கும், காலையில் வாங்கி வருகிறேன் என்றேன்.

"கடப் பூவ அவனுக்கு வெக்க மாட்டனுங்க. அதுக்கு வெறும் படமாவே இருக்கட்டும்."

மறுநாள் காலை இலை போட்டாகிவிட்டது. காக்கைக்கும் சோறு வைத்தாகிவிட்டது. உன் படம் வெறுமையாக இருந்தது. அவள் கையைக் கழுவி, முந்தானையில் ஈரம் போகத் துடைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். நான் குடையோடு பின்னால் போனேன். மொக்கைப் பறிக்கவில்லை; செடியிலேயே வைத்து, வாயருகே கொண்டுபோய் ஊதினாள். பிறகு வெளியிதழின் ஓரத்தை நகத்தால் தூக்கி மெல்ல உரித்தாள். ஒன்று கிழிந்து வந்தது. அடுத்தது முழுதாக வந்தது. நீ இப்படிச் செய்வாயாம். நான் பார்த்ததே இல்லை. அவள் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள்.

மூன்றாவது இதழ் பிரிந்ததும் அவள் கை நின்றது.

"உள்ள நனையவே இல்லீங்க" என்றாள்.

குனிந்து பார்த்தேன். உண்மைதான். நாலு நாள் மழையில் உள்ளே ஒரு துளி போகவில்லை. அந்தக் கறுத்த சிவப்பு அப்படியே இருந்தது. பாதிதான் விரிந்திருந்தது. அதைக் கிள்ளி உன் படத்தின் சட்டத்தில் செருகினாள். "எடுத்துக்க சாமி" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். போன ஆண்டு உன்னைச் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கீழே இறக்கிக்கொண்டு போனோமே, பனியில் ஓட்டுநரிடம், "மெதுவாப் போங்க, அடுத்த வளவு மோசமானது" என்று நீயே வழி சொல்லிக்கொண்டு வந்தாயே, அன்றும் அவள் அழவில்லை. அடுத்த வளைவுக்குப் பிறகு நீ எதுவும் சொல்லாதபோதும் அழவில்லை. இந்த ஓராண்டும் அழவில்லை. நான் குடையை மடக்கிக்கொண்டு வெளியிலேயே நின்றேன்.

அது அவள் நாள். அவளுக்கு முடிந்தது. மறுநாள் உன் காக்கிச் சட்டையை அவளே எடுத்துத் துவைத்தாள்; பிறகு அதே ஆணியில் மாட்டினாள்.

இன்று என் நாள். நான் எண்ணியது ஒரு நாள்கூடத் தப்பவில்லை, மாப்பிள்ளை. காலையில் கதவைத் திறந்தேன். செடி முழுவதும் பூத்திருக்கிறது. நீ சொன்னாற்போல எல்லாக் கொத்தும் ஒன்றாக. உன் அக்காள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "நல்லாப் பூத்திருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். இன்றைக்கு இலை இல்லை, காக்கைக்குச் சோறு இல்லை. மனைவியின் தம்பிக்காக, தான் நினைத்த தேதியில் ஒரு கிழவன் என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் பஞ்சாங்கத்தில் எழுதியிருக்கிறது? ஒரு பூவையும் பறிக்கத் தோன்றவில்லை. உன் குடையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். மாலைக்குள் மழை பாதியை உதிர்த்துவிட்டது. மேட்டின் கற்களெல்லாம் சிவந்து கிடக்கின்றன. இதையெல்லாம் கேலி செய்ய வேண்டியவன் நீ. நீ எங்கே?

அடுத்த ஆண்டு நான் இருந்தால், செடியை இரண்டாகப் பிரித்து வெட்டுவேன். சுவர்ப் பக்கத்துப் பாதி உன் அக்காளின் சப்தமிக்கு. பஞ்சாங்கத்தை அவளிடமே கேட்டுக்கொண்டு கத்தியை எடுப்பேன். அந்தப் பாதியில் ஒரு நடுமொக்கையும் தொட மாட்டேன். வேலிப் பக்கத்துப் பாதி அக்டோபர் 9-க்கு. அதற்கு யாரும் வர வேண்டியதில்லை. நான் வந்து நிற்பேன்.

உன் அக்காளைக் கைப்பிடித்ததால் உனக்கு மாமனாகி,
உன் குடைக்கும் இப்போது உரியவனாகிவிட்ட,
கந்தசாமி